படம் எடுக்காமல் விட்ட பையன்

மதிப்பிற்குரிய சம்பந்தி,

சென்ற வியாழக்கிழமை, மார்ச் மாதம் எட்டாம் தேதி, பல் வைத்தியரிடம் போயிருந்தேன். வெஸ்ட் வின்ட்சரில் உங்கள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்களே, அதே இடம். காத்திருக்கும் அறையில் மீன்தொட்டி இருந்த மூலையில் இப்போது ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் அச்சுப்படி. வெள்ளைக் கவுன் போட்ட ஒரு குழந்தை கட்டம் போட்ட தரையில் நம்மை நேராகப் பார்த்தபடி நிற்கிறது. இடுப்பில் சிவப்புப் பட்டி, கையில் செர்ரிப் பழக் கொத்து. தலை மட்டும் உடம்பில் பாதி இருக்கும். பாதங்கள் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றன. காலடியில் உட்கார்ந்திருக்கும் பூனைக்கு மனிதருடைய மூக்கு.

வரவேற்பில் இருந்த பெண் என் பெயரை இரண்டு முறை அழைத்தாளாம். எனக்குக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் உங்கள் குரல்தான். “ஏனுங்க சம்பந்தி, இந்தக் கொழந்தைக்கு என்ன வயசுங்க இருக்கும்? மூஞ்சியப் பார்த்தா ரிட்டையர் ஆகப்போற தாசில்தாராட்டம் இருக்குதுங்களே!”

நீங்கள் அப்படிக் கேட்டது 1998 ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை. “தேதி சொல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்காதுங்களே” என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். பணிக்காலம் முழுவதையும் சார்பதிவாளர் அலுவலகங்களில் கழித்தவன் நான். தேதியைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவை எனக்கு நினைவுக்கு வரும்.

என் மனைவி 1991-லும் உங்கள் மனைவி 1995-லும் நம்மை விட்டுப் போனார்கள். அதன் பிறகு கோபியில் மஞ்சள் மண்டியை மூடிவிட்டு, குளிர்காலந்தோறும் மகளைப் பார்க்கக் கடல் தாண்டி இங்கே வரத் தொடங்கினீர்கள். உங்கள் மகள் இருந்தது என் மகன் வீட்டில். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை கை நனைக்கவே தயங்குகிற தலைமுறை நம்முடையது. நீங்கள் ஆறு மாதம் தங்க வேண்டியிருந்தது. நான் கூடத்துக்குள் வந்தால் எழுந்து நிற்பீர்கள். “உட்காருங்கள்” என்றால் சோபாவின் ஓரத்தில், பேருந்தில் மூன்றாவது ஆளாக இடம் பிடித்தவரைப் போல உட்காருவீர்கள். டீவியில் அலைவரிசை மாற்றுவதற்குக்கூட, “மாத்தட்டுங்களா சம்பந்தி?” என்று கேட்பீர்கள். நானும் என் பங்குக்கு வரம்பு காத்தேன். உங்கள் வீட்டு விஷயம் எதையும் நானாகக் கேட்டதில்லை. பையன் வீட்டார் கேட்டால் அது கேள்வியாக இராது, விசாரணையாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

என் மகன் பார்சிப்பனியில் அவன் வேலைக்கும், உங்கள் மகள் அவள் அலுவலகத்துக்கும், பேத்தி நித்யா பள்ளிக்கும் போன பிறகு, வீட்டில் நாமும் ஹீட்டரின் உறுமலும் மிஞ்சுவோம். உறுமல் தாங்காமல் வெளியே கிளம்புவோம். நூலகம், மால், மறுபடியும் நூலகம். அந்தச் செவ்வாய்க்கிழமை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் சின்ன ரயிலைப் பிடித்து அடுத்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கட்டணம் கிடையாது, உள்ளே கதகதப்பாக இருக்கும், உட்கார பெஞ்சு உண்டு. நாம் போனதற்கு இவைதான் காரணங்கள். அங்கே குழந்தைகளின் படங்கள் வைத்திருக்கிறார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

ஒரு பெரிய அறை முழுக்கக் குழந்தைகள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவின் கிராமத்து வீடுகளிலும் சிறு நகரத்து வீடுகளிலும் தொங்கிய படங்கள். சாட்டை பிடித்த குழந்தை, மரக்குதிரையோடு ஒரு குழந்தை, கயிற்றில் கட்டிய குருவியோடு ஒரு குழந்தை. எல்லாரும் நேராக நின்று நம்மையே பார்த்தார்கள். கைகள் பிசைந்து உருட்டிய மாவு. தரை நம் பக்கம் சாய்ந்து, எல்லாரும் இப்போது சறுக்கி வந்து நம் மேல் விழுவார்கள் போலிருந்தது. ஆனால் கவுனின் ஓரத்தில் தைத்த சரிகைப் பின்னலில் ஓர் ஓட்டைகூட விடுபடவில்லை.

நான் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருந்த குறிப்பை விடாமல் படித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் நான்கு படம் முன்னால் போய் நின்று, “நீங்க எழுத்தைப் பாருங்க, நான் கொழந்தையப் பார்க்கறனுங்க” என்றீர்கள். படித்ததை உங்களுக்குச் சொன்னேன். வரைந்தவர்களில் பலருக்குப் பெயர் தெரியாது. கடைப் பலகை எழுதுவதும் அலமாரிக்கும் வண்டிக்கும் பூப்போடுவதும்தான் அவர்கள் தொழில். ஊர் ஊராகப் போய், ஒரு வீட்டில் தங்கி, அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டுக் குழந்தையை வரைந்து கொடுப்பார்கள். வீட்டார் தினமும் புழங்கும் அறையில் அடுப்புக்கு மேலே படம் தொங்கும்.

“அதானுங்க பார்த்தேன்” என்றீர்கள். “மூஞ்சி வரையத் தெரியாதவன் சட்டைய மட்டும் இத்தனை பதனமாப் போட்டிருக்கான். அம்மாக்காரி பக்கத்துலயே நின்னுட்டு, லேஸ விட்ராதப்பா, லேஸ விட்ராதப்பான்னு சொல்லியிருப்பாளுங்க.”

கவுன் போட்ட ஒரு குழந்தையைக் காட்டி, பெண்ணா பையனா என்று கேட்டீர்கள். பையன்தான், அந்தக் காலத்தில் சின்னப் பையன்களுக்கும் கவுன்தானாம் என்றேன்.

“நம்மூர்லயும் பையனுக்குப் பாவாடை கட்டி, சவுரி வெச்சுப் பூ முடிச்சு ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போறதில்லீங்களா? எந்த ஊரா இருந்தாலும் பெத்தவங்களுக்கு இதே கிறுக்குதானுங்க.”

சிரித்தபடி தொடங்கிய பேச்சு கடைசி வார்த்தையில் சிரிப்பில்லாமல் முடிந்தது. கவனித்தேன். கேட்கவில்லை.

அறையின் கடைசிச் சுவரில் அந்தப் பெண் குழந்தை இருந்தாள். நீல கவுன். ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றொன்று கழன்று தரையில் கிடந்தது. கையில் பிடித்திருந்த ரோஜாவின் தண்டு ஒடிந்து பூ தலைகீழாகத் தொங்கியது. அங்கே விளக்கம் சொல்லப் போட்டிருந்த வெள்ளைக்கார மூதாட்டி நம்மிடம் வந்து, “அண்ணன் தம்பிகளா?” என்று கேட்டார். “இவருடைய மகள் என் மகனுடைய மனைவி” என்றேன். அப்படி இரண்டு பேர் சேர்ந்து படம் பார்க்க வருவது அவருக்கு வியப்பாக இருந்தது. பிறகு படத்தைக் காட்டிச் சொன்னார். மாவு மில் வைத்திருந்த ஒருவருடைய மூத்த மகள் அவள். ஓவியர் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளைப் புதைத்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. கழன்ற செருப்பும் ஒடிந்த ரோஜாவும் அவள் போய்விட்டதற்கு அடையாளம். முகத்துக்கு என்ன செய்வது? அவளுடைய கவுனைத் தங்கைக்குப் போட்டு எதிரே நிற்க வைத்தார்கள். தாய் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தாள், அவளுக்கு நெற்றி இன்னும் அகலம், கண் இன்னும் கறுப்பு என்று. அப்படி வரைந்த படம் இது.

தமிழில் சொன்னேன். “இன்னொருக்கா சொல்லுங்க” என்றீர்கள். சொன்னேன். அந்த மூதாட்டியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். அன்று முதன்முறையாக என் அனுமதி கேட்காமல் உட்கார்ந்தீர்கள்.

திரும்பும்போது ரயில் தாமதமாயிற்று. நடைமேடையில் மூச்சு புகைபுகையாகப் போய்க்கொண்டிருந்தது. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்.

“சம்பந்தி, பொண்ணு பார்க்க வந்தப்ப, எத்தனை கொழந்தைங்கன்னு நீங்க கேட்டீங்க. ஒண்ணுதானுங்கன்னு சொன்னேன். ரெண்டுங்க.”

மகளுக்கு முன்னால் ஒரு பையன். 1958-இல் பிறந்தான். இரண்டரை வயதில் தட்டம்மை போட்டு, காய்ச்சல் தலைக்கேறிப் போய்விட்டான். அவன் முகத்தைக் காட்ட ஒரு போட்டோகூட இல்லை. மூன்று வயது முடிவதற்குள் படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று உங்கள் மாமியார் தடுத்துவிட்டார். மூன்றாவது பிறந்தநாளுக்குப் பையனுக்குப் பாவாடை கட்டி எடுக்கலாம் என்று உங்கள் மனைவி சிவப்புப் பட்டில் தைத்து வைத்திருந்தார். அவன் ஆயுளுக்காகத்தான் அந்தப் படத்தை எடுக்காமல் விட்டீர்கள்.

“பிறந்த தேதி?” என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது. நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. “மாசியில, மாரியாத்தா கோயில்ல கம்பம் நட்டதுக்கு மக்யா நாளுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க” என்றீர்கள். மக்யா நாள் என்றால் மறுநாள் என்று மெல்லத்தான் எனக்கு விளங்கியது.

பிறகு ஒன்று சொன்னீர்கள். “இவ அம்மா இருந்தவரைக்கும் அந்த மூஞ்சியப் பார்த்தவங்க ரெண்டு பேர் இருந்தமுங்க. இப்ப நான் ஒருத்தன்தான். எனக்கும் கொஞ்சங் கொஞ்சமா அழியுதுங்க சம்பந்தி. மூக்கு இருக்குது, காது இருக்குது, ஒண்ணாச் சேர மாட்டேங்குது. அந்த மில்லுக்காரர் செஞ்சாப்பல நாமளும் ஒரு படம் எழுதிக்க முடியுங்களா?”

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஜனவரி 27, மாலில் நகரும் படிக்கட்டுக்கு அருகே படம் வரைகிற பெண்ணிடம் போனோம். யூக்ரேனிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும். போட்டோவைக் கொடுத்தால் பென்சிலில் அச்சாக எடுத்துக் கொடுப்பார். போட்டோ இல்லை என்றதும் முதலில் முடியாது என்று தலையாட்டினார். பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, பலகையில் காகிதத்தைச் செருகினார். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் இரண்டு திசையிலிருந்து வந்து நடுவில் முட்டிக்கொண்டன.

“மூக்கு எப்படி?” என்றார்.

“எங்க மாமனார் மூக்குங்க” என்றீர்கள்.

“நெற்றி?”

“அது அவங்கம்மா நெத்தி.”

“கண்?”

“கண்ணு எங்க சின்னம்மா பையன் ஒருத்தன் இருந்தான், பவானியில. அச்சு அசல் அவன் கண்ணுங்க.”

அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஐயா, இவருடைய மாமனாரை நான் பார்த்ததில்லையே. மூக்கு நீளமா, குட்டையா?”

“நீளமா குட்டையான்னு கேட்கறாங்க.”

“எங்க மாமனார் மூக்கு நீளமா, குட்டையா?” என்று நீங்கள் உங்களையே கேட்டுக்கொண்டீர்கள். வெகுநேரம் யோசித்தீர்கள். “அது மூக்காட்டம்தானுங்க இருக்கும்” என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்தது. ஆனாலும் அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நம் ஊரில் ஒரு குழந்தையின் முகத்தை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. குழந்தை பிறந்த வீட்டுக்குள் நுழையும்போதே, காது அப்பனுடையது, விரல் அத்தையுடையது என்று பங்கு போட்டுவிடுகிறோம். பங்குதாரர்கள் உயிரோடு இருக்கும்வரை அதில் குறையில்லை. அவர்களும் போய்விட்டால் அந்த முகம் எங்கே போய்த் தங்கும்?

அன்று அவர் மூன்று படம் வரைந்தார். மூன்றாவதைப் பார்த்து நீங்கள் சொன்னது இது. “நல்லா இருக்குதுங்க. துறுதுறுன்னுதான் இருக்கான். ஆனா வேற வீட்டுப் பையனுங்க.”

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே அவர் கேட்டார், அந்த முகத்தில் பங்குள்ளவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று. அந்த மூதாட்டி சொன்னதைத்தான் இவரும் வேறு வழியில் வந்து சொன்னார். உங்கள் மகள் வந்து எதிரே உட்கார வேண்டும்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். “அம்மிணிக்குத் தெரியாதுங்க” என்றீர்கள். மகளிடம் அவனைப் பற்றிச் சொல்வதில்லை என்று நீங்களும் உங்கள் மனைவியும் முடிவு செய்திருந்தீர்கள். போனவனுக்கு ஈடாகத்தான் தன்னைப் பெற்றார்கள் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. உங்கள் மனைவி கடைசிவரை அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாமலே போனார். உயிரோடு இருந்தால் இருவரும் கூடிப் பேசி முடிவை மாற்றலாம். அவர் போன பிறகு தனியாக மாற்ற உங்களுக்கு மனம் வரவில்லை.

பேருந்தில் வரும்போது, “நானே மருமகளிடம் சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “வேண்டாமுங்க. நானே சொல்றனுங்க. அடுத்த தடவை வர்றப்ப ஆகட்டுங்க” என்றீர்கள்.

சரி என்றேன். இந்த ஒரு சொல்லைத்தான் நான் அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். வேறொரு நண்பராக இருந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். நமக்கு வயதாகிறது, அடுத்த தடவை என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் பையனைப் பெற்றவன் வற்புறுத்தினால் பெண்ணைப் பெற்றவரால் மறுக்க முடியாது. அந்த இடத்தில் உங்களை நிறுத்த நான் விரும்பவில்லை. நீங்களும் உங்கள் துக்கத்தை நான் இருக்கும் வீட்டில் இறக்கி வைக்கக் கூடாது என்று நினைத்தீர்கள். மரியாதையில் நாம் இருவருமே குறை வைக்கவில்லை. அந்த மரியாதைதான் ஒன்றரை ஆண்டைத் தின்றது.

ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. காலையில் எல்லாரும் வீட்டை விட்டுப் போனதும், காபியோடு உட்கார்ந்து பையனைப் பற்றி ஒன்று சொல்வீர்கள். அந்தப் பெண்ணுக்குச் சரியாக மொழிபெயர்க்க வேண்டும் அல்லவா, அதற்கான ஒத்திகை என்று பெயர். இடது புருவத்தில் ஒரு சுழி. காது மடல் ஒட்டிப் பிறந்தது, உங்களுடையதைப் போல. கீழுதடு தடிப்பு. நீலக் கோடு போட்ட ஒரு சட்டை, அதில் இரண்டாவது பொத்தான் கிடையாது. அவனே கடித்துப் பிய்த்தது. “ரெண்டாவதுதானா, மூன்றாவதா?” என்று நான் கேட்பேன். “உங்ககிட்ட சாட்சி சொல்றது கோர்ட்டுல சொல்றதவிடக் கஷ்டமுங்க” என்பீர்கள். சோபாவின் ஓரத்தை விட்டு நடுவுக்கு நீங்கள் வந்தது அந்த நாட்களில்தான்.

ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை, நெவார்க் விமான நிலையத்தில் உங்களை வழியனுப்பினோம். அடுத்த குளிருக்கு உங்களால் வர முடியவில்லை, கண்ணில் புரை எடுத்தார்கள். 1999 நவம்பரில் வருவதற்கு டிக்கெட் போட்டாயிற்று. “பொங்கலன்னிக்கு அம்மிணிகிட்டச் சொல்லிர்றனுங்க, பொறகு மூணு பேருமா அந்தப் பொம்பளகிட்டப் போலாமுங்க” என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை, தூக்கத்திலேயே போய்விட்டீர்கள்.

உங்கள் மகள் கோபிக்குப் போய்க் காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பினாள். நீங்கள் சொல்வதாக இருந்ததை நான் சொல்ல வேண்டியதாயிற்று. நவம்பர் 21 காலை, என் மகனும் பேத்தியும் கடைக்குப் போயிருந்த நேரம்.

“உன் அப்பா உன்னிடம் சொல்வதாக இருந்தார். உனக்கு ஓர் அண்ணன் இருந்தான் அம்மா.”

“என்ன மாமா சொல்றீங்க? பெரியப்பா வீட்டு அண்ணனா?”

“இல்லை. உன் கூடப் பிறந்தவன்.”

அவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரை நிறுத்தவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் கேட்டது இதுதான்.

“அதனாலதான் அப்பா என்னைக் குப்புன்னு கூப்பிட்டாரா?”

ஒரு குழந்தை போன பிறகு பிறக்கிற குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி, தவிட்டுக்கு வாங்கியதுபோல் எடுத்துக்கொண்டு, குப்பை, குப்பு என்று பெயர் வைப்பார்கள். வேண்டாத பொருள் என்று எமன் விட்டுவிடுவானாம். தன் பெயருக்கும் அதுதான் காரணம் என்று அவளுக்கு அன்றுவரை தோன்றியதில்லை. கல்லூரித் தோழிகளுக்கு முன்னால் நீங்கள் அப்படிக் கூப்பிட்டதற்காக இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தாளாம். “சும்மா விளையாட்டுக்கு வெச்ச செல்லப்பேர்னு நினைச்சேன் மாமா. இவ்வளவு பயந்தாங்களா?” என்று சொல்லிவிட்டு, ஈரக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். ஈடாகப் பெற்றதாக அவள் நினைத்துக்கொள்வாள் என்றுதானே நீங்கள் அஞ்சினீர்கள். அவள் ஒரு கணமும் அப்படி நினைக்கவில்லை, சம்பந்தி. தன்னை இழந்துவிடக் கூடாது என்று இரண்டு பேர் எவ்வளவு நடுங்கியிருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது. நீங்கள் சொல்லியிருக்கலாம். அன்று அந்தச் சமையலறையில் நிற்க வேண்டியவர் நீங்கள்.

2000 ஜனவரி 22, சனிக்கிழமை, அவளையும் நித்யாவையும் அழைத்துக்கொண்டு மாலுக்குப் போனேன். அந்த யூக்ரேன் பெண்ணுக்கு உங்களை நினைவிருந்தது. “மாமனார் மூக்குக்காரர் வரவில்லையா?” என்றார். சொன்னேன். சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, பென்சிலை வைத்துவிட்டு வண்ணப் பெட்டியை எடுத்தார்.

உங்கள் மகளை எதிரே உட்கார வைத்தார். காதுக்கு நித்யா. நித்யாவின் காது மடல் உங்களுடையது என்று அன்றுவரை நாங்கள் யாரும் கவனித்ததில்லை. “கீப் ஸ்டில், நித்தி” என்று உங்கள் மகள் அதட்ட, “அம்மா, மை இயர் இஸ் ஸ்டில்!” என்று அவள் கத்தினாள். நான் அந்த மில்லுக்காரருடைய மனைவியைப் போலப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுழி இடது புருவத்தில். கீழுதடு இன்னும் தடிப்பு. பொத்தான் இல்லாதது இரண்டாவது இடத்தில், மூன்றாவதில் அல்ல. மூன்று சனிக்கிழமை ஆயிற்று.

போட்டோவைப் பார்த்து அச்சாக வரைகிற கை அது. ஆனால் போட்டோ இல்லாமல் வரைந்தபோது அந்தக் கை வேறாகிவிட்டது. படத்தில் இருந்த பையன் நேராக நின்று எங்களைப் பார்த்தான். தலை சற்றுப் பெரிது. கைகள் உருட்டிய மாவு. சட்டையின் கோடுகள் மட்டும் ஒன்றுகூட விடுபடாமல் இருந்தன. அவனை அந்த அருங்காட்சியகத்து அறையில் கொண்டுபோய் மாட்டியிருந்தால் யாரும் வேற்றாளாகப் பார்த்திருக்க மாட்டார்கள். முகம் பார்க்காதவன் முகம் வரைந்தால் எந்த நூற்றாண்டிலும் இப்படித்தான் வரும்போலும்.

“மாமா, இப்படித்தான் இருந்தானா?” என்று உங்கள் மகள் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் பலர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை. “சுழி சரி அம்மா. காது சரி. சட்டை சரி. மற்றது எனக்குத் தெரியாது” என்றேன்.

பதில் தெரிந்த ஒரே மனிதர் நான்கு மாதம் முன்னால் போயிருந்தார். நீங்கள் அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்திருந்தால் போதும். “இவந்தானுங்க” என்றோ, “இது வேற வீட்டுப் பையனுங்க” என்றோ சொல்லியிருப்பீர்கள். இரண்டில் எதுவானாலும் அது முடிந்த கதையாக இருந்திருக்கும். இப்போது அந்தப் படம் சரியா தவறா என்று சொல்ல உலகத்தில் ஆளில்லை. நாம் இருவரும் பேருந்தில் ஒத்திப்போட்டது அதைத்தான்.

ஆனாலும் உங்கள் மகள் அதைக் கூடத்தில் மாட்டினாள். மாலை போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வருகிற நண்பர்கள், “யார் இது, நித்யாவா? பாய்ஸ் டிரெஸ் போட்டுருக்கா?” என்று கேட்கிறார்கள். முப்பத்தாறு வயதுக்காரி, இரண்டரை வயதுப் பையனைத் திரும்பிப் பார்த்து, “எங்க அண்ணன்” என்கிறாள். வந்தவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காபியைக் குடிக்கிறார்கள்.

அவனைப் பற்றி நீங்கள் சொன்ன அனைத்தையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் வேறு எதையோ பேசிவிடுகிறேன். நெவார்க்கில் என் மகன் காரை நிறுத்தப் போயிருந்தபோது, பெட்டிகளுக்கு நடுவே நின்று நீங்கள் சொன்னது அது. சாயங்காலம் மண்டியிலிருந்து நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் பையன் ஓடிவர மாட்டான். நின்ற இடத்திலேயே இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொள்வான். தான் கண்ணை மூடினால் அப்பனுக்குத் தன்னைத் தெரியாது என்று அவனுக்கு நினைப்பு. நீங்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, பானைக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் தேடி, “காணமே, எங்க போனான் எம்பையன்?” என்று கேட்க வேண்டும். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குவான். “இத அந்தப் பொம்பளகிட்டச் சொல்ல வேண்டாமுங்க. கண்ண மூடிட்டு இருந்தா எப்படிங்க எழுதுவாங்க?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள்.

படத்தில் அவன் கண்ணை அகலத் திறந்துகொண்டுதான் நிற்கிறான். பகலில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, ஹீட்டர் ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, நான் அவன் எதிரே போய் நிற்கிறேன். எனக்கு உங்கள் பேச்சு வராது. நான் பழகிய தமிழிலேயே, சற்றுக் கூச்சத்தோடு, “காணவில்லையே, எங்கே போனான்?” என்று கேட்கிறேன்.